கையில் 2200 ரூபாய், மதுரையிலிருந்து சென்னை காமிக் கான்: சமாளிக்க முடியுமா?

தெப்பக்குளத்தான்
வணக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஊர் மதுரை. பிப்ரவரியில் வரும் சென்னை காமிக் கானுக்கு (காமிக்ஸ் ரசிகர்கள் கதாபாத்திர வேஷம் போட்டுக் கூடும் விழா) சனிக்கிழமை டிக்கெட் எடுத்துவிட்டேன். தீபாவளிக்குச் சேர்ந்த காசு அதிலேயே தீர்ந்தது. இனி கையில் இருப்பது 2200 ரூபாய்தான். இதற்குள் போய்வர வேண்டும், தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், வேஷமும் போட வேண்டும். வேஷம் இல்லாமல் போக மனசு வரவில்லை. ஆன்லைனில் ஒரு நிஞ்சா உடை பார்த்தேன், அதுவே 1900. சென்னையில் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கினால் "எதுக்குடா வந்த" என்று கேட்பார், நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்கு போன் போயிருக்கும். போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஊசிநூல்
தம்பி, முதலில் அந்த நிஞ்சா உடையை மறந்துவிடுங்கள். எனக்குக் கோவையில் சின்னத் தையற்கடை. 2024 பிப்ரவரியில் காமிக் கான் முதல் தடவை சென்னைக்கு வந்ததிலிருந்து போகிறேன், அதற்கு முன்னால் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆன்லைனில் வரும் உடைகளைச் சரி பண்ணச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். படத்தில் கறுப்பாக இருந்தது கைக்கு வரும்போது கத்தரிப்பூ நிறமாக இருக்கும். உள் தையலில் ஓரம் மடிக்காமல் விட்டிருப்பார்கள், ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் பிரிந்துவிடும். ஒரு பெண்ணுக்கு விழா முடிந்து மூன்றாம் நாள்தான் பார்சலே வந்தது.

அதுவும் மதுரையில் இருந்துகொண்டு ஆன்லைனில் வேஷம் வாங்குவது, பூக்கடைக்கு நடுவில் நின்றுகொண்டு காகிதப்பூ தேடுகிற மாதிரி. புதுமண்டபத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு, கருப்பசாமி உடுப்பு எல்லாம் தைப்பவர்கள். வெல்வெட், சரிகை, சமிக்கி எதைக் கேட்டாலும் கையில் வைத்திருப்பார்கள். சித்திரை நெருங்கினால் நிமிரக்கூட நேரம் இருக்காது. தை, மாசியில் போனால் உட்கார்ந்து பேசலாம். காஸ்பிளே (கதாபாத்திர வேஷம்) என்ற சொல் வேண்டாம், படத்தைக் காட்டினால் போதும்.

கணக்குப்பிள்ளை
நேராகவே கேட்கிறேன். எதற்கு இந்தச் செலவு? டிக்கெட் போக 2200. நந்தனம் ஒய்எம்சிஏவில் ஜனவரி புத்தகக் காட்சி இருக்கிறது. புத்தகத்துக்குப் 10 சதவீதம் தள்ளுபடி வேறு. அதே காசில் ஒரு பை நிறைய காமிக்ஸ் அள்ளிக்கொண்டு வரலாம். இங்கே காசு கொடுத்து உள்ளே போய், மறுபடி காசு கொடுத்துச் சாவிக்கொத்து வாங்கி, இன்னொருத்தன் வேஷத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்.

ரெண்டுரூபாய்வாசகன்
கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. எனக்கு ஐம்பது தாண்டியாயிற்று. எங்கள் கூட்டம் ஆகஸ்டில் ஈரோட்டில். புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் எல்லா ஊரிலிருந்தும் வந்து சேருவார்கள். வேஷமும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஒரு கதையின் அட்டைப்படத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவோம். ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியது வேஷம் போட்டு நடக்கிற அந்த ஒரு நாள். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கிக்கொள் என்று சொல்ல இது என்ன துவரம்பருப்பா?

தம்பி, உன் பட்ஜெட்டுக்கு ஒரே ஆள்தான் உண்டு. இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். உடம்பே தெரியாத ஆளுக்கு உடுப்பு எதற்கு? ஒரே ஒரு கைக்குச் செலவு செய். யாரிடமாவது ஒரு கோட்டுக் கடன் வாங்கு. எங்கள் வயதுக்காரர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தெப்பக்குளத்தான்
ஐயா, இது அற்புதம்! என் தாத்தா வீட்டுப் பரணில் அந்தப் புத்தகங்கள் இருந்தன, நான் படித்ததே அங்கேதான். மாமாவின் ரிசப்ஷன் கோட்டு சும்மாதான் தொங்குகிறது. கையை எதில் செய்வது? தெர்மாகோலா?

ஊசிநூல்
தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கண்ணெதிரே கரைந்து ஓட்டை ஓட்டையாகிவிடும். முதல் வருடம் நான் செய்த கிரீடம் அப்படித்தான் போனது.

ஈவிஏ ஃபோம் ஷீட் (ரப்பர் மாதிரி மெத்தென்ற அட்டை) வாங்குங்கள். ஸ்டேஷனரி மொத்தக் கடைகளில் கிடைக்கும். விரலுக்கு 3 மில்லிமீட்டர், முன்கைக்கு 5. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை ஒன்று வாங்கி, அதன்மேல் ஒவ்வொரு விரலுக்கும் மூன்று துண்டாக ஃபோமை வெட்டி ஒட்டுங்கள். கணுவில் ஒரு நூல் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் விரல் மடங்காது. ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர். இரண்டு பக்கமும் தடவிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்த வேண்டும். எல்லாரும் அவசரப்பட்டு ஈரத்திலேயே அழுத்திவிட்டு, பசை சரியில்லை என்பார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நெடி தலையைச் சுற்றும்.

வளைவுக்கு ஹேர் டிரையர் சூடு போதும். பெயின்டுக்கு முன்னால் வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து மூன்று கோட்டிங். இதை விட்டுவிட்டால் ஃபோம் பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஒரு டப்பா போதாது. கடைசியில் சில்வர் ஸ்ப்ரே. அது காய்ந்ததும் கறுப்பு வண்ணத்தைத் துணியால் தொட்டு இடுக்குகளில் தேய்த்துத் துடையுங்கள். அப்போதுதான் தகரம் மாதிரி தெரியாமல் இரும்பு மாதிரி தெரியும்.

எழும்பூர்மணி
கை வேலை முடிந்தது. அப்புறம் கால் வேலைக்கு வருவோம். ப்ரோ, தங்குவதற்கு ஒரு பைசா செலவழிக்காதே. வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், சனி இரவு அதே வண்டியில் திரும்பு. ஸ்லீப்பரில் ஒரு வழிக்கு 300 ரூபாய்ச் சொச்சம். ரயில்தான் உன் லாட்ஜ்.

முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அதனால் இன்றைக்கே நாள்காட்டியை எடுத்து எண்ணு. போகிற டிக்கெட் ஒரு நாள், திரும்புகிற டிக்கெட் மறுநாள் திறக்கும். இரண்டாவதை எடுக்க மறந்துவிட்டுத் தத்காலில் நின்றவன் நான். ஸ்லீப்பர் தத்கால் முந்தைய நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். 11:02க்கு எனக்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டியது.

விடிகாலையில் எழும்பூர் வந்துவிடும். காத்திருப்புக் கூடத்தில் முகம் கழுவி உடை மாற்று. பையைப் பொருள் காப்பறையில் போடு. ஆனால் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். பிளாட்பாரக் கடையில் அந்த நேரத்துக்குப் பூட்டு தேடி அலையாதே, ஊரிலிருந்தே கொண்டு வா. சாப்பாட்டுக்கு அம்மா உணவகம். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். காலை 7 மணிக்குத் திறப்பார்கள். 20 ரூபாயில் வயிறு நிரம்பிவிடும்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை. பத்து ரூபாய்க்குள் முடியும். அங்கிருந்து பூந்தமல்லி, போரூர் பக்கம் போகிற பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. மெட்ரோவில் ஆலந்தூர் வரை வந்தும் போகலாம், ஏசி வேண்டுமென்றால். ஸ்டேஷன் வாசலில் கோட்டுப் போட்ட பையனைப் பார்த்ததும் ஆட்டோ அண்ணன்கள் கல்யாண வீட்டுக்காரன் என்று நினைத்து ரேட் சொல்வார்கள். கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொள்.

கிள்ளான்சேகர்
மலேசியாவிலிருந்து. நம்மூரில் டிசம்பரில் இதே மாதிரி காமிக் ஃபியஸ்டா நடக்கும், கோலாலம்பூரில். நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டியில் கேஎல்சிசி. போக்குவரத்தில் பெரிதாக வெள்ளி (ரிங்கிட்) கரையாது. கரைவது எல்லாம் ஓவியர்கள் மேசை போட்டிருக்கும் வரிசையில்தான் அண்ணே. ஸ்டிக்கர் 5 வெள்ளி, பத்து வெள்ளிக்கு இன்னொன்று என்று சின்னச் சின்னதாகப் போகும். திரும்பி ரயிலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் நூறைத் தாண்டியிருக்கும்.

நான் இப்போது செய்வது: முதல் சுற்றில் பர்ஸைத் திறப்பதே இல்லை. எல்லா மேசையையும் பார்த்துவிட்டு, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தப்பாவ் (பார்சல்) பண்ணிக்கொண்டு வந்த நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) தின்றுவிட்டு, அப்புறமும் எது மனசில் நிற்கிறதோ அதற்கு மட்டும் திரும்பிப் போவேன். வயிறு காலியாக இருக்கும்போது கண்ணில் படுவதெல்லாம் வேண்டும் போலத் தோன்றும்.

கணக்குப்பிள்ளை
கிள்ளான்சேகர் சொல்வதுதான் நான் முதலில் சொன்னதும். காசு வாசலில் போவதில்லை, உள்ளே போகிறது. அப்படியானால் உள்ளே எவ்வளவு என்று இப்போதே எழுதி வை தம்பி. 300 என்றால் மூன்று நூறு ரூபாய்த் தாளாகத் தனிப் பையில். ஜிபே ஆப்பை அன்றைக்கு மட்டும் போனிலிருந்து எடுத்துவிடு. ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிற காசு கணக்கில் வராத காசு.

எழும்பூர்மணி
எடுத்துவிட்டால் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் நிற்பான் சார் :) கணக்கில் 500 மட்டும் விட்டுவைத்தால் போதும்.

மழைக்காகம்
நடுவில் ஒரு கேள்வி. நான் வேலூர். எனக்கு பெங்களூரு காமிக் கான் போக ஆசை. கர்நாடகாவில் பெண்களுக்குப் பஸ் இலவசம் என்கிறார்களே, ஒசூர் தாண்டியதும் அது எனக்கும் கிடைக்குமா? தனியாகப் போனால் வீட்டில் விடுவார்களா என்பது வேறு கதை.

ஊசிநூல்
கிடைக்காதும்மா. அந்த சக்தி திட்டம் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருந்தால்தான். நம்மூரில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண் ஏறினாலும் டிக்கெட் இல்லை, அதனால் சென்னைக்கு வந்தால் உள்ளூர்ச் செலவு குறையும்.

பெங்களூருக்குப் போவதென்றால் ரயிலில் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கிவிடு. சிட்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வராதே. விழா நடக்கும் கேடிபிஓ கண்காட்சி மையம் ஒயிட்ஃபீல்டு பக்கம். முன்பெல்லாம் அங்கே போய்ச் சேர்வதற்குள் மேக்கப் வழிந்துவிடும். 2023 மார்ச்சில் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியபின் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் விடுவதற்கு என் அனுபவம்: அம்மாவையே கூட்டிக்கொண்டு போ. நான் அப்படித்தான் போனேன். என் அம்மா வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். பிறகு பார்த்தால் யாரோ ஒரு பெண்ணுக்குச் சிறகு கழன்றதென்று தன் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது ஒவ்வொரு வருடமும் "எப்போ அந்த வேஷக் கச்சேரி" என்று அவரே கேட்கிறார். இரண்டு டிக்கெட் செலவுதான், ஆனால் லாட்ஜில் "தனியாகவா" என்று மேலும் கீழும் பார்க்கிற பார்வை மிச்சம்.

புதியவன்77
என்னிடம் ஞாயிறு டிக்கெட் இருக்கிறது, பாதி விலை, க்யூஆர் கோடு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தனிச்செய்தியில் வரவும்.

நெறியாளர்
டிக்கெட் விற்பனை இங்கே கூடாது. மேலே உள்ள பதிவுக்கு யாரும் பணம் அனுப்ப வேண்டாம். ஒரே கோடின் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பலாம், வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர்தான் உள்ளே போவார். இழை தொடரட்டும்.

மையூற்று
படம் வரைகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நானும் இரண்டு விழாக்களில் ஒரு நண்பனோடு பாதி மேசை பகிர்ந்து பிரின்ட் (ஓவியத்தின் அச்சுப்பிரதி) விற்றிருக்கிறேன். எங்களில் நிறையப் பேருக்குக் கூட ஒரு ஆள் தேவைப்படும். கழிப்பறைக்குப் போகக்கூட முடியாது, மேசையை யார் பார்ப்பது? அறிமுகமான ஓவியர் யாராவது ஸ்டால் போடுகிறார் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். பெட்டி தூக்க, சில்லறை கொடுக்க நான் வருகிறேன் என்றால் ஸ்டாலுக்குக் கொடுக்கும் பாஸில் ஒன்று உங்களுக்கு வரலாம். நானே அப்படித்தான் முதல் தடவை உள்ளே போனேன்.

பேரம் பற்றி. முதல் நாள் காலையில் கேட்காதீர்கள், கடுப்பாக இருக்கும். கடைசி நாள் மாலையில் மிச்சச் சரக்கைத் திரும்பச் சுமக்க யாருக்கும் மனம் வராது, நாங்களே குறைப்போம். வாங்கக் காசில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். "அண்ணா, வாங்க முடியாது, ஆனா படத்துல இந்தக் கோட்டை எப்படி வரைஞ்சீங்க" என்று கேட்டவனை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன். மூன்று பிரின்ட் வாங்கியவர் முகம் ஞாபகம் இல்லை.

தெப்பக்குளத்தான்
எல்லாருக்கும் நன்றி. இரண்டு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போகும்போது சைடு அப்பர், வரும்போது மிடில். கை பாதி முடிந்திருக்கிறது. பசையைப் பத்து நிமிடம் காயவிடாமல் அழுத்தினேன், ஊசிநூல் அக்கா சொன்ன மாதிரியே பிரிந்தது. இரண்டாம் தடவை கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா கேட்டதற்குக் கல்லூரி நாடகம் என்று சொல்லியிருக்கிறேன்.

— — —

தெப்பக்குளத்தான்
போய்வந்துவிட்டேன்! எழுதாவிட்டால் கணக்குப்பிள்ளை சார் விடமாட்டார், அதனால் முதலில் கணக்கு.

ரயில் போக வர 670. கைக்கு ஃபோம், பசை, ஸ்ப்ரே, கையுறை எல்லாம் சேர்ந்து 540. உள்ளூர் ரயில், பஸ், ஷேர் ஆட்டோ 110. சாப்பாடு 280. பூட்டும் காப்பறையும் 90 (ஆமாம் மணி அண்ணா, பூட்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன்). ஓர் ஓவியரிடம் பிரின்ட் 300. மொத்தம் 1990. மிச்சம் 210, பத்திரமாக இருக்கிறது.

டிக்கெட்டோடு ஒரு காமிக்ஸும் போஸ்டரும் கொடுத்தார்கள். போஸ்டரை ரயிலில் மடங்காமல் கொண்டுவர, அரையடிக்கு வெட்டிய பிவிசி குழாய் கொண்டுபோயிருந்தேன், அது சின்னதாகப் போய்விட்டது. அடுத்த தடவை இரண்டடி.

வாசலில் பையைச் சோதித்தபோது இயந்திரத்தில் என் கை மட்டும் தனியாகப் போய் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எடுத்து விரலை மடக்கிப் பார்த்தார், "ஃபோமா?" என்றார், சிரித்துவிட்டு விட்டார். உள்ளே முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் நான் யாரென்று தெரியவில்லை. என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஏதோ ரோபோ என்றுதான் நினைத்தார்கள். சுற்றிலும் பெரிய பெரிய வாள், எட்டடிச் சிறகு. கோட்டுப் போட்ட ஒரு பையன், ஒரு கை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கிள்ளான் அண்ணன் சொன்ன மாதிரி வெளியே போய்ப் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மதியத்துக்கு மேல் குழந்தையோடு வந்த ஒருவர் தூரத்திலிருந்தே "டேய், மாயாவிடா!" என்று கத்தினார். அவர் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அவனை நிறுத்திவைத்து முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தார், நான் அங்கேயே இருபது நிமிடம் நின்றேன். அதற்குப் பிறகு வரிசையாக நாலைந்து பேர், எல்லாருக்கும் நாற்பதுக்கு மேல் இருக்கும். படம் எடுத்துக்கொள்ளவில்லை, கையைத்தான் குலுக்கினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் குலுக்கிய குலுக்கலில் சுண்டுவிரல் கழன்றே போனது. கூட்டத்தில் விழுந்த விரலை எவ்வளவோ தேடினேன், கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நாலு விரல் மாயாவியாகத்தான் சுற்றினேன்.

மாமாவின் கோட்டில் ஒரு சில்வர் கறை. அதற்கு வழி யாருக்காவது தெரியுமா?

ஊசிநூல்
கறையில் தண்ணீர் வைத்துத் தேய்க்காதீர்கள் தம்பி, பரவிவிடும். என்ன துணி என்று படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். விரல் கழன்றதற்குப் பசைமேல் பழி வேண்டாம், கணுவில் உள்பக்கமாக ஒரு தையல் போட்டிருக்க வேண்டும். நான்தான் சொல்ல மறந்தேன்.

கணக்குப்பிள்ளை
1990. கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. பூட்டு வீண் செலவு.

ரெண்டுரூபாய்வாசகன்
தம்பி, அந்த வெள்ளைச் சட்டை நான்தான். சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். விரல் கையோடு வந்ததும் பயந்துபோய் அப்படியே கூட்டத்துக்குள் நழுவிவிட்டேன். பத்திரமாக என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆகஸ்டில் ஈரோட்டுக்கு வா, தருகிறேன்.